பகலில் வாய் திறக்காத செடி

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

நர்சரியில் என்னைக் கள்ளிச்செடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பயப்படாதே, சிரிக்கத்தான் சொல்கிறேன். மழைக்கு அழுகிவிடுமே என்று மூன்று நாளாகச் சாயங்காலமே எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடிவிட்டுப் போனேன். சூப்பர்வைசர் ரக்ஷனா, இந்த ஊர்ப் பெண், பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, இது ராத்திரிலதான் காத்தை இழுக்கும் லா! பகல்ல வாயைத் திறந்தா உள்ள இருக்கிற தண்ணி எல்லாம் போயிடும். ராத்திரி இழுத்ததைப் புளிப்பா சேத்து வச்சுக்கிட்டு, பகல்ல வாயை மூடிக்கிட்டே வெயில்ல சமைச்சுக்கும்."

நம் வேலிப் பிரண்டையும் அதே ரகமாம். விடியலில் பறித்தால் புளிப்பு கூடுதலாம். எனக்கு நம்பிக்கையில்லை. காலையிலும் மாலையிலும் பறித்து, புளி சேர்க்காமல் தனித்தனியாக வதக்கித் துவையல் அரைத்துப் பார். இதைக் கொண்டுவரும் அந்தோணி திரும்பும்போது ஒரு டப்பா கொடுத்துவிடு. ஞாயிறன்று பிரண்டைக்காகத் தேக்கா மார்க்கெட்டை நாலு சுற்று சுற்றினேன். கிடைத்தும் வாங்கவில்லை, இங்கே எங்கே வைத்து அரைப்பது? லீவு நாளில் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

பகலில் நீ கூப்பிட்டால் இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறேன் என்று கோபப்பட்டாயே. சுற்றிலும் ஆட்கள், ஸ்டெல்லா. வாயைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

எங்களை ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது. ராத்திரியில் கூப்பிடு.

சூசைராஜ்