மணி அடிக்காத கடிகாரம்

ஜூன் 4

என் மகளின் அம்மாவுக்கு,

நலம்தானே? போனில் பேச மாட்டேன், எதுவானாலும் எழுதிக் கேளுங்கள் என்று நீ சொல்லி வருடங்கள் ஆகிவிட்டன. அதனால்தான் இந்தக் கடிதம். கடையில் வேலைக்குக் குறைவில்லை. கண்தான் முன்போல் ஒத்துழைப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா சேரப்போகும் சட்டக் கல்லூரியில் நம் விவாகரத்து வழக்கைப் பாடமாகவே நடத்துகிறார்களாம். கட்டிய மனைவியே ஆனாலும் அவள் பேச்சை அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்யக்கூடாது, செய்தால் அது சாட்சியாகாது என்று மேல்கோர்ட் சொன்னதல்லவா? அதை வைத்துத்தான் போன வருடம் சட்டத்தையே திருத்தினார்கள். தீர்ப்பின் தலைப்பில் நம் இருவர் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. இருவரும் சேர்ந்து மனுப் போட்டால் எடுத்துவிடுவார்களாம். மனுவை இணைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாம் ஒத்துப்போகாமல் பிரிந்தோம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அது அப்படியே இருக்கட்டும்.

கடிகாரக் கடைக்காரன்

ஜூன் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கு நலம். கண் டாக்டரைப் போய்ப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மனுவைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீர்ப்பில் பெயர் வேண்டாம் என்று அன்றைக்கே நான் கெஞ்சினேன். மறைக்க ஒன்றுமில்லை என்று மார்தட்டியது யார்? அக்காவிடம் நான் உங்களைத் திட்டியதைக் கோர்ட் முழுக்கக் கேட்கும்படி போட்டுக் காட்டினீர்கள். அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. ரெக்கார்டர் வைக்க இடம் வேண்டுமென்று சுவர்க் கடிகாரத்தின் மணியையே கழற்றிவிட்டீர்கள். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டில் மணி அடிக்கவில்லை என்றால் எந்தப் பெண்டாட்டிதான் திறந்து பார்க்க மாட்டாள்?

போன மாதம் என் தையல் கடைக்குத் துணி கொடுக்க வந்த ஒரு பெண், ரசீதில் என் பெயரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க கேஸைச் சொல்லித்தான் எங்க வக்கீல் ஜெயிச்சாரு. என் வீட்டுக்காரர் ஒளிச்சு வச்சு எடுத்ததையெல்லாம் ஜட்ஜ் கேக்கவே மாட்டேன்னுட்டாரு" என்றாள். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பெயரை இப்போது நான் ஏன் எடுக்க வேண்டும்?

ஆனாலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்காக இல்லை. அவள் உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அது குறைவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பாப்பாவின் அம்மா

ஆகஸ்ட் 2

பாப்பாவின் அம்மாவுக்கு,

மனுவைத் திருப்பி அனுப்புகிறேன். கோர்ட்டில் கொடுக்கவில்லை. கொடுக்கலாம், கொடுக்கலாம் என்று நாளைக் கடத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா கடைக்கு வந்தாள். மேசைமேல் கிடந்ததை எடுத்துப் படித்தாள். "இது இனிமே எதுக்குப்பா? முதல் வாரமே படிச்சிட்டேன். பேர் இல்லன்னாலும் கண்டுபிடிச்சிருப்பேன். மணி அடிக்காத கடிகாரம் வேற யார் வீட்ல இருந்துச்சு?" என்றாள்.

வகுப்பில் அதே வழக்கை மாணவர்களை வைத்து நடத்துகிறார்களாம். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குக் கணவன் தரப்பு விழுந்திருக்கிறது. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்சிக்காரனிடம் வக்கீல் கேட்பதுபோல் கேட்டாள். "உங்க பக்கத்துக்கு நான் என்னப்பா சொல்லட்டும்? ஏதாவது ஒரு காரணம் குடுங்க."

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஜட்ஜிடம் எத்தனையோ காரணம் சொன்னவன்தான் நான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒன்றுகூடத் தேறவில்லை.

"அம்மா பக்கம்தான் நியாயம்னு சொல்லிடும்மா" என்றேன்.

"அப்படிச் சொன்னா மார்க் போட மாட்டாங்கப்பா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் கண்ணாடியைக் கழற்றி, தன் துப்பட்டாவில் துடைத்து மாட்டிவிட்டாள்.

பெயர்கள் இருக்கட்டும். உன்னைத் தேடி இன்னும் யாராவது வருவார்கள். பக்கத்தில் என் பெயரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை கண் டாக்டரிடம் அவளே கூட்டிப்போகிறாளாம்.

பாப்பாவின் அப்பா