நான் ஜெயித்த ஒரே பேரம்

என் வீட்டு மகராசி பாக்கியத்துக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. நாம் சேர்ந்திருந்த இருபத்திரண்டு வருஷத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. தேயிலைத் தோட்டத்துத் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் கஹவத்தைக்குப் போய் வருகிறவன் நான். ஊரார் கடிதமெல்லாம் என் கை பட்டுத்தான் போகும், வரும். உனக்கு எழுதத்தான் ஒரு தேவையும் வரவில்லை. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் சாயந்தரம் நீ வந்துவிடுவாயே.

உனக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு மறக்கவில்லை. ஆபீஸ் கிளாக்கர் ஐயாதான், "எழுதிக் குடு, கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பிப் பாக்கிறேன்" என்றார். பத்திரிகையில் வந்தால் நாலு பேர் படிப்பார்கள். இதைப் படித்தவர்கள், நோயாளியைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு பஸ்காரனிடம் கூலி பேசி நிற்க மாட்டார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். நீ கேட்டுக்கொண்டிரு, அவர்கள் படிக்கட்டும்.

நான் ஏமாந்த கதைகள் நம் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கெல்லாம் மனப்பாடம். எல்லாம் உன் உபயம். குடைக் கதையை நீ எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்? ஒரு கம்பி ஒடிந்ததென்று கஹவத்தைக் கடைத்தெருவில் குடை ரிப்பேர்காரனிடம் கொடுத்தேன். பத்து சதம் என்றான். விரித்துப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கம்பி துருவேறிக் கிடக்கிறது என்றான். மறுநாள் போனபோது சீலை இற்றுப்போய்விட்டது என்றான். அதற்குள் குடை எலும்பும் தோலுமாக அவன் மடியில் பிரிந்து கிடந்தது. வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஒரு ரூபாய் முப்பது சதம் கொடுத்து வாங்கி வந்தேன். புதுக் குடையே ஒன்றேகால் ரூபாய்தான்.

நீ குடையை விரித்துப் பார்த்தாய், மடக்கினாய், என்னைப் பார்த்தாய்.

"சுண்டைக்கா காப்பணம், சுமகூலி முக்காப்பணம்னு சும்மாவா சொன்னாங்க. அவன் பிரிக்கிறதுக்கு முந்தியே மொத்தக் கூலி என்னன்னு கேக்கணும். அதுக்கு மேல ஒரு சதம் தர மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் குடைய நீட்டணும். உங்க வாயில என்ன, தபால் முத்திரையா ஒட்டியிருக்கு?"

உன்னிடம் எந்தக் கடைக்காரனுடைய வித்தையும் பலிக்காது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் முனையில் எச்சிலைத் தொட்டுக் கசக்குவாய். கஞ்சி உதிர்ந்து துணி வலைபோல ஆகிவிட்டால் பேசாமல் அடுத்த கடைக்கு நடப்பாய். கருவாட்டைத் தராசில் வைக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டி உப்பையும் மண்ணையும் உதிர்ப்பாய். ஈயம் பூச வருகிறவனை நம் வாசலிலேயே உட்காரவைத்து, கடைசிப் பாத்திரம் வரைக்கும் நகர மாட்டாய். காய்கறி கொண்டுவரும் கிராமத்துச் சிங்களப் பெண்களிடம் அவர்கள் பாஷையிலேயே, "அக்கே, டிகக் அடு கரன்ன" என்று சிரித்துக்கொண்டே விலையைக் குறைப்பாய். அவர்களும் சிரித்துக்கொண்டேதான் குறைப்பார்கள்.

எனக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் பார்த்தாய். "கேட்ட வெலைக்கி ஒடனே சரிங்கிறவன நம்பாதீங்க. அவன் வேற எங்கயோ புடுங்கப் போறான்" என்று நூறு தரம் சொல்லியிருப்பாய். நான் தலையாட்டுவேன். மறுநாள் எங்காவது ஏமாந்து வந்து நிற்பேன்.

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டு நாளாக வயிற்றுவலி என்றாய். ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கணக்கில் பேர் விழாமல் அன்றைய கூலி போய்விடுமே என்று இரண்டு நாளும் மலைக்குப் போனாய். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. டிஸ்பென்சரி ஐயா உன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கண்டேன். உடனே துண்டுச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, "இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, நிக்காதே" என்றார். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டது. நாலு பேர் உன்னைக் கம்பளியில் கட்டிச் சுமந்துகொண்டு கஹவத்தைக்கு இறங்கினார்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது ரயிலும் போய்விட்டிருந்தது.

கடைத்தெருவில் இரண்டு பஸ் நின்றது. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பு பஸ்காரன் ஆளுக்கு நாற்பது சதம் என்றான். நோயாளி படுத்துக்கொண்டால் இரண்டு ஆள் கூலி வேண்டும் என்றான். அதற்குள் நீல பஸ் கொண்டக்டர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"ரெண்டு பேருக்கும் சேத்து அம்பது சதம். அதுக்கு மேல தர மாட்டேன்" என்றேன்.

"சரி, ஏறுங்க" என்றான்.

உடனே சரி என்றான், பாக்கியம். நூறு தரம் கேட்ட பாடம் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பேரம் படிந்த சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. கம்பளியில் கிடந்த உன் காதருகே குனிந்து, "அம்பது சதத்துக்கு முடிச்சிட்டேன்" என்றேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"நெசமாவா? நீங்களா பேசுனீங்க?"

"நாந்தான்."

"லயத்துல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றாய். சிரிக்கப் பார்த்தாய், வலி விடவில்லை. பஸ்ஸைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாய். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாய்.

சிவப்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முதலில் போய்விட்டது. நம் பஸ் பிறகு கிளம்பி, பெல்மதுளைச் சந்தி வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. சந்தியில் நிறுத்தினான். டிரைவர் இறங்கினான், கொண்டக்டர் இறங்கினான், இரண்டு பேரும் தேத்தண்ணிக் கடைக்குள் போனார்கள். நான் ஓடிப்போய்க் கேட்டேன். "இன்னும் ஏழெட்டு ஆள் ஏறணும். ஒங்க அம்பது சதத்துக்கு பெற்றோல் அடிக்க முடியுமா?" என்றான். கொடுத்த காசோடு இன்னும் ஒரு ரூபாய் தருகிறேன் என்றேன். "ஒரு ரூவாய்க்கி வெறும் பஸ் ஓட்டவா?" என்று கிளாஸைக் கையில் எடுத்தான். நான் சத்தம் போட்டேன். திரும்பி வந்தபோது என் கையைப் பிடித்து, "வையாதீங்க. அவனுக்கும் வயித்துப் பொழப்பு" என்றாய்.

வெயில் பஸ்ஸின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. உன் நெற்றி நெருப்பாய்ச் சுட்டது. சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் உன் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ், இந்த பஸ்லயா ஏத்தினீங்க? ஆள் நெறையாம இவன் அசைய மாட்டானே" என்றார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடுரோட்டில் போய் நின்றார். அந்த வழியாக வந்த மாணிக்க வியாபாரி ஒருவருடைய காரை மறித்து நம்மை ஏற்றினார். அந்த வியாபாரி காசு வாங்கவில்லை. நான் கேட்டபோது கையை மட்டும் ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் உன்னைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். கூடவே நடந்தேன். "மிச்சக் காசப் பத்திரமா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாய். இருக்கிறது என்றேன். "வீண் செலவு செஞ்சிராதீங்க. திரும்பிப் போக வேணும்ல" என்றாய். கதவு சாத்திக்கொண்டது. நீ என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

குடலில் சீழ் உடைந்து வயிறெல்லாம் பரவிவிட்டதாம். மறுநாள் மத்தியானம் உன்னை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். டொக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடியெல்லாம் யோசிக்கப்படாது" என்றார். அது ஆம் என்றா, இல்லை என்றா? இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த மட்டோடு நின்றிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். உன் கருமாதியன்று லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் முத்தம்மா சோறு பரிமாறிக்கொண்டே அழுதது. "ஒரு வார்த்த கேக்கணும்ணே. அந்த நீல பஸ்ல ஏறாதீங்கடி, கூலி கம்மின்னு ஏத்திட்டு பெல்மதுளையில போட்டு வச்சிருவான்னு எங்களுக்கெல்லாம் சொன்னதே அக்காதான். போன வருசம் இரத்தினபுரிக்குப் போனப்ப அரை நாளு காத்துக் கெடந்துச்சாம். அது ஏன் அன்னைக்கி ஏறுச்சு?"

கையில் எடுத்த சோற்றை அப்படியே இலையில் வைத்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் கஹவத்தைக்கு நடந்து போய் நடந்து வருகிறவன், பஸ்ஸைப் பற்றி என்ன கண்டேன்? உனக்கு அவன் வித்தை தெரியும். தெரிந்தவள் அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை? வலியில் நிறம் கண்ணில் படவில்லையா? சந்தியில் ஏமாந்து நின்றபோதும் அவனை வையாதே என்றாயே, அது எதற்கு? நாலு பேர் முன்னால் நான் முதல்முதலாக ஒரு பேரம் பேசி ஜெயித்தேன். அதைத் தட்டிவிட உனக்கு மனசு வரவில்லையா? அப்படியென்றால் பாவி, நான் தலைகுனியக்கூடாதென்றா அந்தப் படியில் கால் வைத்தாய்? இருபத்திரண்டு வருஷம் என்னைக் கேலி பண்ணியவள், அந்த ஒரு நாள் மட்டும் பண்ணாமல் இருந்துவிட்டாயே.

இப்போது வேறொன்றும் ஞாபகம் வருகிறது. நம் மகள் செல்லத்துக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்டு வாய் கோணியபோது, கிராமத்துச் சிங்கள வைத்தியர் வெதமாத்தயா இரண்டு ரூபாய் கேட்டார். நான் அதிகமென்று முணுமுணுத்தேன். நீ ஒரு பேச்சும் பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாய். கூலி பேசாத இடம் உனக்கும் ஒன்று இருந்தது. நான் உன்னிடம் பேரத்தை மட்டும் படித்துவிட்டு, அதைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

இங்கே இப்போது எல்லாம் மாறிக் கிடக்கிறது. லயத்துப் பெண்கள் சாமான் வாங்க என்னிடம்தான் காசு கொடுத்தனுப்புகிறார்கள். நானும் துணியைக் கசக்கிப் பார்க்கிறேன், கருவாட்டைத் தட்டிப் பார்க்கிறேன். துணிக்கடை முதலாளி, "பொஞ்சாதி போன பொறகு நீங்க கெட்டிக்காரனாயிட்டீங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நம் செல்லம் பலாங்கொடைத் தோட்டத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறது. முத்தம்மாதான் பார்த்துக்கொள்கிறது. பிள்ளை குறுக்கே கிடக்கிறதென்று டிஸ்பென்சரி ஐயா சொல்லிவிட்டார். வலி எடுத்தவுடன் இரத்தினபுரிக்குக் கொண்டு போக வேண்டுமாம். தோட்டத்து லொறியை நம்பியிருக்காதே என்றும் சொன்னார்.

நேற்று கஹவத்தையில் வாடகைக் கார் வைத்திருக்கும் சிங்களவர் வீட்டுக்குப் போனேன். எந்த நேரத்தில் வந்து கூப்பிட்டாலும் வர வேண்டும் என்றேன். ஆறு ரூபாய் என்றார். நாலு ரூபாய்க்கு மேல் அந்தத் தூரத்துக்கு யாரும் கொடுப்பதில்லை, எனக்கும் தெரியும். சரி என்றேன். வழியில் எங்கேயும் நிறுத்த மாட்டீர்களே என்று மட்டும் கேட்டேன். அதை மூன்று தரம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆறு ரூபாயையும் முன்பணமாகவே கையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் செல்லம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. "ஆறு ரூவாயா? அம்மா இருந்திருந்தா மூணரை ரூவாய்க்கி முடிச்சிருக்கும்பா" என்றது. பேச்சு அப்படியே நீதான்.

நீ தெரிந்து ஏறினாயோ, வலியில் தெரியாமல் ஏறினாயோ, இனி எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? உனக்கு நான் ஒரு சத்தியம் மட்டும் செய்து தருகிறேன். உன் மகளை அந்த ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நேராகக் கொண்டு போவேன். பெல்மதுளைச் சந்தியில் கார் நிற்காது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வழியில் இனி எவனிடமும் நான் விலை பேச மாட்டேன். இரண்டு ரூபாய் ஏமாந்துவிட்டாய் மனுஷா என்று நீ வைவதானால் வைதுகொள், பாக்கியம். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உன்னிடம் பேச்சு வாங்கக் காத்திருக்கும் உன் வீட்டுக்காரன்,
செல்லத்தின் அப்பா