ஆறாவது ஆணி

ஜூன் 9, வியாழன்

துக்காலா மண்ணில் இரும்புக்கும் ஆணிக்கும் ஏக சக்கரவர்த்தியாகிய மிலூத், வயது அறுபத்து மூன்று, இரண்டு முழங்காலும் போனவன், ஒருத்தரும் நம்பப்போகாத ஒரு சரித்திரத்தை இன்று முதல் இந்த நோட்டில் எழுதுவேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன். படிக்கப்போவது நான் ஒருவன்தான். நானும் நம்புவதாக இல்லை.

காலையில் திபாரி வந்தான். தங்கை ரக்கியாவின் மகன். வயது முப்பத்தொன்று, மீசைக்கு மட்டும் நாற்பது.

"மாமா, நுவாருக்கு லாடம் மாத்தணும்."

"அவனை யாரும் கவனிக்கலையா?"

"அப்பா போனதுலேருந்து ஒருத்தரும் தொடல."

போய்ப் பார்த்தேன். என் மச்சான் கத்தூர் ஜனவரியில் இறந்தான். பதினைந்து வருஷம் மூசம் திருவிழாவில் பாய்ந்து வந்து ஒரே சமயத்தில் சுடும் துப்பாக்கிக் குதிரை வரிசைக்குத் தலைவனாக அவன் ஓட்டிய சாம்பல் குதிரைதான் நுவார். இப்போது அவனுக்கு வயது இருபத்து நான்கு. ஐந்து மாதமாகச் சீவாத குளம்பு பழைய மராக்கேஷ் செருப்பு மாதிரி நீண்டிருந்தது. குதிரை இங்கே நிற்கிறது, குளம்பு நுனி காஸாபிளாங்காவில். முன்கால் முட்டி இரண்டும் வீங்கியிருக்கின்றன. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நிற்கிறான்.

நானும் அப்படித்தான் நிற்கிறேன் என்று ரக்கியா சொன்னாள்.

ஜூன் 12, ஞாயிறு

முன் இடது கால். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கால்.

எங்கள் பக்கத்தில் லாடம் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் காலைத் தூக்கிப் பிடிப்பான், ஒருத்தன் அடிப்பான். பிடிக்கிறவன் தன் வயிற்று மட்டத்துக்குத் தூக்குவதுதான் வழக்கம். திபாரியும் அப்படியே தூக்கினான். நுவார் முனகினான்.

"இறக்குடா. வாத முட்டி. அவ்வளவு மடியாது."

"எவ்வளவு மாமா?"

"தரையிலேருந்து ஒரு சாண். அதுக்கு மேல ஒரு விரல் போனாலும் உன் முட்டியை நான் மடிப்பேன்."

குதிரை ஒரு சாண் தூக்கினால் சக்கரவர்த்தி குனிய வேண்டும். குனிய முடியவில்லை. தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் வீற்றிருந்தேன். நுவாரின் காலடியில் வைக்கோல் மெத்தை. முதலில் பத்து நிமிஷம் நடக்கவிட்டு மூட்டைச் சூடாக்கினோம். பிறகு ஐந்து நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் ஓய்வு. காலை 'தொப்'பென்று விடக்கூடாது, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் வைக்க வேண்டும். குளம்பு நுனியைக் குறைத்தேன். லாடத்தின் முன்விளிம்பை உருட்டிவிட்டேன், அடி எடுத்துவைக்கும்போது பாதம் சுலபமாய்ப் புரளும். ஒவ்வொரு சுத்தியடியும் மூட்டு வரைக்கும் போகும், அதனால் ஐந்தே மெல்லிய ஆணி.

ஜூன் 13

முன் வலது. நான் பெட்டியிலிருந்து எழுந்த சத்தத்தில் பக்கத்து ஊரில் மூன்று கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

ஜூன் 15

பின்கால்கள் முடிந்தன. பக்கவாட்டில் இழுக்கவே இல்லை. அவனாகவே தந்தான்.

ஜூன் 30, வியாழன்

நுவார் நடக்கிறான். அசல் நடை! தலை ஆடவில்லை, அடி சமமாக விழுகிறது. பார்க்கப் பார்க்க எனக்குத் தலைக்கனம் ஏறி, ஹம்மூவின் தேநீர்க் கடையில் நாற்காலிமேல் ஏறாத குறையாகப் பேசினேன்.

"இன்னும் ஒரு மாசம் குடுங்க. நுவாரை நாலு வயசுக் குட்டியாக்கிக் காட்டறேன். காத்தைத் தாண்டி ஓடிட்டு, காத்து வர்ற வரைக்கும் நின்னு புல் மேய்வான்."

ஹம்மூ தேநீரை உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே சொன்னான்: "போன வருஷம் உன் கழுதை ஆத்தைத் தாண்டிக் குதிச்சுதே, அதுக்கு இது தம்பியா?"

கடையே சிரித்தது. மூலையில் திபாரி இருந்தான். அவன் சிரிக்கவில்லை.

ஜூலை 8, வெள்ளி

ரக்கியா வீட்டில் கூஸ்கூஸ். மூன்று பேர், ஒரே தட்டு.

"மாமா, ஆகஸ்ட் பதிமூணு மூசத்துல நான் நுவார் மேலதான் வரிசை நடுவுல போறேன்."

எடுத்த பூசணித் துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

"அவன் நடக்கறதுக்குத்தான்டா நான் லாடம் அடிச்சிருக்கேன். ஓடறதுக்கு இல்ல."

"நல்லா நடக்கறவன் ஓடுவான்."

"நானும்தான் நடக்கறேன். என்னை ஓடச் சொல்லிப் பாரேன்."

ரக்கியா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நாலு வயசுக் குட்டியாக்கறேன்னு கடையில சொன்னது யாரு?"

"அது கடைப் பேச்சுடா."

"அப்ப இது என்ன பேச்சு? எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது மாமா? நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வருவீங்களா?"

சத்தியம் செய்தேன். முன்னங்கால் முட்டி தேய்ந்துவிட்டது, நாலு கால் பாய்ச்சலில் மடியும், மடிந்தால் குதிரை எழாது, மேலே இருப்பவன் கழுத்தும் மிஞ்சாது என்றேன். பக்கத்தில் பதினான்கு குதிரைகள் தோளோடு தோளாக வரும், விலகவும் இடமில்லை என்றேன். கையிலிருந்த ரொட்டியின் மேல் சத்தியம்.

திபாரி மெதுவாகச் சொன்னான்: "அந்தப் பதினாலு பேர் என்னைப் பார்க்கற பார்வை உங்களுக்குத் தெரியாது. 'கத்தூர் பையன்'. அவ்வளவுதான் நான். பேர் சொல்லி ஒருத்தன் கூப்பிடறதில்ல. அப்பா குதிரை மேல ஏறினாத்தான் நான் தலைவன்."

"அண்ணே, அவன் ஆசையைக் கெடுக்காதே" என்றாள் ரக்கியா.

உலகத்தில் என் பொய்களையெல்லாம் நம்பி வளர்ந்தவன் இவன் ஒருத்தன்தான். கழுதை ஆற்றைத் தாண்டியதைக்கூட. ஒரே ஒரு நிஜம் சொன்னேன். இறங்கவில்லை.

ஜூலை 11

மறுபடி சொன்னேன். வரிசைக்காரர்கள் எல்லாரிடமும். "நல்லாயிருக்கு மிலூத், அப்புறம் என்னாச்சு?" என்கிறார்கள்.

ஜூலை 20, புதன்

சந்தைக்கு வந்த கால்நடை டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவசரத்தில் இருந்தார், முட்டியைத் தொட்டுப் பாருங்கள் என்றது அவர் காதில் ஏறவில்லை. நுவாரை முற்றத்தில் இரண்டு சுற்று நடத்தச் சொன்னார். பாவி, ராஜாமாதிரி நடந்தான்.

"இந்த வயசுக்கு அருமையா நடக்குதே! லாடம் யார் அடிச்சது?"

"நான்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

"அருமை" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திபாரி என்னைப் பார்த்த பார்வை!

முட்டியின் வலியை மறைத்தது என் லாடம். குளம்பு புரளப் புரள அவனுக்கு வலி தெரியவில்லை, வலி தெரியாததால் எவனுக்கும் வாதம் தெரியவில்லை. ஒழுங்காக வேலை செய்ததற்கு எனக்குத் தண்டனை. கோணலாக அடித்திருந்தால் இந்நேரம் எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 3, புதன்

தூக்கம் பிடிக்கவில்லை, பசி பிடிக்கவில்லை. இரண்டு ஆலிவ், ஒரு ரொட்டி. சரி, மூன்று ரொட்டி.

லாடத்தைப் பிடுங்கி எறியலாமா? சந்தையில் இன்னொருத்தன் அரை மணியில் நாலு காலிலும் அடித்துவிடுவான், அதுவும் காலை வயிறு வரைக்கும் தூக்கி. குதிரையை ஒளிக்கலாமா? எங்கே, என் தொப்பிக்குள்ளா?

வாய்ப்பேச்சு முடிந்துவிட்டது. என் வாயால் இனி ஒரு ஈயைக்கூட ஓட்ட முடியாது. மிச்சமிருப்பது கை.

கை என்று எழுதிவிட்டு அரைமணி நேரம் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 10, புதன்

எட்டு வாரம் முடிந்ததால் லாடம் மாற்றும் முறை. மூசத்துக்கு மூன்று நாள்.

மற்ற மூன்று காலையும் ஞாயிறு, திங்கள், செவ்வாயில் முடித்தாயிற்று. இன்று முன் இடது. திபாரி பிடித்தான். ஒரு சாண் உயரம், இம்மி கூடவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டான். பெட்டியில் உட்கார்ந்தேன். ஐந்து ஆணி இறங்கியது. கெட்டிக் குளம்பில் இறங்கும் ஆணி 'டிங் டிங்' என்று பாடும். காது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே மென்சதைப் பக்கம் திரும்பினால் பாட்டு நின்று 'தொப் தொப்' என்று வரும். எந்த லாடக்காரனும் அந்த இடத்தில் நிறுத்தி ஆணியைப் பிடுங்குவான்.

ஆறாவது ஆணியை எடுத்தேன்.

"போன தடவை அஞ்சுதானே மாமா?"

"மூசத்துக்கு ஒண்ணு கூட. கெட்டியா நிக்கட்டும்."

சரிவாக வைத்தேன். கை பாறைபோல் நின்றது. டிங். டிங். தொப். நிறுத்தவில்லை. இன்னும் ஒரு அடி. தொப்.

நுவார் காலை இழுத்தான். இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட இழுத்ததில்லை.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. ஈ."

திபாரி காலை மெதுவாக, தொட்டிலில் போடுவதுபோல், தரையில் வைத்தான்.

ஆகஸ்ட் 11, வியாழன்

விடிகாலையில் ஆள் வந்தது. நுவார் முன் இடது காலை ஊன்றவில்லை. நான் போய் ஆணியைப் பிடுங்கினேன். நுனியில் ஈரம், கறுஞ்சிவப்பு. சுடு உப்புநீரில் காலை வைத்தேன், தவிட்டுக் கட்டு போட்டேன். நுவார் மூக்கை என் கழுத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அதை மட்டும் அவன் செய்யாமல் இருந்திருக்கலாம்.

திபாரி ஆணியை வாங்கிப் பார்த்தான்.

"சதையில அடிச்சிருக்கே."

"தவறிருச்சுடா."

"தவறிருச்சா? நாப்பது வருஷத்துல ஒரு ஆணி தவறினதில்லைன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே! இன்னிக்குத்தான் தவறணுமா? என் குதிரையிலதான் தவறணுமா?"

முதல்முறையாக என்னை 'நீ' என்றான்.

"வயசாயிருச்சு."

"அப்ப சுத்தியைத் தூக்கிக் கிணத்துல போடு! இனிமே என் வீட்டு வாசலை மிதிக்காதே."

ரக்கியா உப்புநீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 13, சனி

மூசம். வேலிக்கு வெளியே, கொண்டைக்கடலை விற்கிறவனுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். திபாரி இரவல் வாங்கிய கறுப்புக் குதிரைமேல் நடுவில். பதினைந்து குதிரைகள் ஒரே சுவர்போல் வந்தன. அவன் குரல் கொடுத்தான். பதினைந்து துப்பாக்கியும் ஒரே வெடி. பிசிறில்லை. கத்தூர் காலத்தில்கூட அப்படி வெடித்து நான் கேட்டதில்லை.

"திபாரி! திபாரி!" என்று கூட்டம் கத்தியது.

நுவாரை ஒருத்தரும் தேடவில்லை. எனக்குக் கண்ணில் நீர். வெடிமருந்துப் புகை, வேறென்ன.

யாரும் விழவில்லை. அதுதான் வேதனை. விழாத குதிரையை யாரிடம் காட்டி, பார்த்தாயா நான் சொன்னது நிஜம் என்பது? அவன் என்னைக் கடந்து போனான். பார்த்தான். பார்க்காததுபோல் போனான்.

ஆகஸ்ட் 20

இந்த வாரம் ஒரு குதிரை வரவில்லை. ஒரு கழுதை வந்தது, ஆள் என்னைப் பார்த்ததும் கழுதையைத் திருப்பிக்கொண்டு போனான். கழுதை மட்டும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போயிற்று.

செப்டம்பர் 4, ஞாயிறு

ரக்கியா வந்தாள். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் நுவார். காயம் ஆறிவிட்டது. பழைய வாத நடை மட்டும்.

"அண்ணே, அவன் சொல்லச் சொன்னான்."

"சொல்லு."

"'கெடுத்தவனே கட்டி மேய்க்கட்டும்'னு."

கயிற்றை வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை.

"என்கிட்டயாவது உண்மையைச் சொல்லு. உன் கையில ஆணி தவறுமா? எப்படி இறங்குச்சு?"

"ஒரு ஜின். ஒத்தைக் கண்ணு. சுத்தியோட மறுமுனையில தொங்கிக்கிட்டு..."

"போதும்" என்றாள். சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். "நீ திருந்தவே மாட்டே."

சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாளா? அதைவிட, நம்பி அவனிடம் போய்ச் சொல்லிவிட்டால்? அப்பா குதிரைமேல் அவன் போகவிருந்த அந்த நாளை நான் வேண்டுமென்றே திருடினேன் என்பதைவிட, மாமாவுக்குக் கை போய்விட்டது என்று அவன் நினைப்பதே மேல். கை போன மாமனை என்றாவது ஒருநாள் மன்னிக்கலாம்.

செப்டம்பர் 25, ஞாயிறு

நுவாருக்கு லாடத்தைக் கழற்றிவிட்டேன். என் கொல்லையில் மண் மெத்தென்று இருக்கிறது, ஓடவும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். காலைப் பிடிக்க ஆள் இல்லை. பெட்டியில் உட்கார்ந்து அவன் பாதத்தை என் தொடைமேல் வைத்து அரத்தால் நுனியை மட்டும் தேய்க்கிறேன். காயம் பட்ட காலையும் கேட்டதும் தருகிறான். அந்தக் காலைக் கேட்பதற்கு முன் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இன்று ஹம்மூ கடைக்குப் போனேன். ஆணிக் கதையை இதுவரை பதினோரு விதமாகச் சொல்லியாகிவிட்டது. ஜின், குளவி, நிலநடுக்கம், மேகத்திலிருந்து விழுந்த ஆமை. எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் எழுந்து வந்தபின் என்ன சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மிலூத்துக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, பாவம்.

ஆகஸ்ட் பத்தாம் தேதிப் பக்கத்தில் கை பாறைபோல் நின்றது என்று எழுதியிருக்கிறேன். அது பொய். ஊர் சொல்வதில் அந்தச் சின்ன விஷயம் மட்டும் உண்மை. ஆறாவது ஆணியை வைத்தபோது நடுங்கியது.