எலும்பு அறிந்த பொய்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கால் எலும்பு முறிந்து பொருந்தும்போது தினமும் நடக்கச் சொன்னார்கள். நடந்ததைக் குறிக்க ஒரு தாளும் தந்தார்கள். இந்த வயதில்தான் எழுதப் பழகினேன். ‘நடந்தேன்’ என்று எழுதுவது அவ்வளவு இனித்தது. நடக்க வேண்டிய நேரத்திலும் உட்கார்ந்து அதையே எழுதினேன்.

இன்று லூயிஷாம் ஆஸ்பத்திரியில் மகள் அந்தத் தாளைப் பெருமையோடு நீட்டினாள். பயிற்சி தரும் தமிழ்ப் பிள்ளை எக்ஸ்ரேயைப் பார்த்தாள்.

“ஐயா, பாரம் விழுந்தால்தான் எலும்பிலை இருக்கிற உயிர்க்கலங்களுக்குத் தெரியும். தெரிஞ்சால்தான் கட்டும். இதுகள் ஒரு பாரத்தையும் காணேல்லை.”

மகள் தாளை மடித்தாள். “எழுத்து வடிவாத்தான் இருக்கு, அப்பா.”

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

இப்போது மேசையைப் பத்துத் தரம் சுற்றி வந்தேன். கால் வலிக்கிறது. தாள் முன்னால் கிடக்கிறது. அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது.