கீழ்க்குழாயைக் கழற்றிப் பார்த்தேன், மச்சான்

என் அக்காளைக் கைப்பிடித்த அன்பு மச்சானுக்கு,

வருகிற ஆவணியோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடுதாசி போட்டதில்லை. எழுதியே தீரவேண்டிய காரணம் இருந்தும், ஆறு வருஷம் எழுதவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் உங்கள் முகம் முன்னால் வந்து நிற்கிறது. தலை தானாகத் தாழ்ந்துபோகிறது.

அக்கா சுகமாக இருக்கிறாள். நீங்கள் ஓட்டிய உசிலம்பட்டி பஸ் இப்போது கரிப்புகையில் ஓடுகிறது. உலகச் சண்டையால் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடு வந்தால் பாதிப் பேர் இறங்கித் தள்ளுகிறார்கள். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்களா, வருத்தப்பட்டிருப்பீர்களா?

என் கார் விஷயத்துக்கு வருகிறேன். அதை வாங்குவதற்கு முன்பே நீங்கள் சொன்னீர்கள், பழைய வண்டி, ஒரு தடவை என்னிடம் காட்டிவிட்டு வாங்கு என்று. நான் காட்டவில்லை. மதுரையில் வெற்றிலை மண்டி வைத்திருக்கிறவன் பஸ் டிரைவரிடம் யோசனை கேட்பதா என்ற திமிர். வாங்கிய எட்டாம் நாளே ரேடியேட்டர் ஒழுகியது. காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஈரம். உங்களிடம் சொன்னால் ஏமாந்துவிட்டேன் என்று தெரிந்துபோகுமே என்று மறைத்தேன். மண்டிக்கு வந்த ஒருவர், கேப்பை மாவைக் கரைத்து ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்றார். வீட்டில் யாரும் பார்க்காத சமயமாக அரைப் படி மாவைக் கரைத்து ஊற்றினேன். ஒழுகல் நின்றது. மண்டிக்கும் கோயிலுக்குமாக ஊருக்குள் ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை.

அப்புறம் ஆறு வருஷத்துக்கு முந்திய அந்த வைகாசி மாதம். ஆத்தா என் வீட்டில் படுக்கையில் கிடந்தாள். காலையிலேயே மூச்சு திணறியது. அக்காளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். நான் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். நீங்கள் அப்போதுதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தீர்கள். அடுத்த நடையை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, என் காரை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரிலிருந்து அக்காளை அழைத்துவரப் புறப்பட்டீர்கள். ஆத்தாவைவிட்டு நகர முடியாமல் நான் வீட்டிலேயே இருந்தேன்.

உச்சிப்பொழுதுக்குள் வந்திருக்க வேண்டியவர்கள் வரவில்லை. ஆத்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அடங்கிவிட்டாள். பொழுது சாயும் நேரத்தில் நீங்களும் அக்காளும் ஒரு மாட்டு வண்டியில் வந்து இறங்கினீர்கள். போகும்போதே செக்கானூரணி தாண்டியதும் இஞ்சின் கொதித்து, ஆறவைத்து ஓட்டி, திரும்பும்போது மறுபடி கொதித்து, கடைசியில் நாகமலைப் பக்கம் அடியோடு நின்றுவிட்டது என்றீர்கள். அக்காள் கூடத்தில் விழுந்து கதறினாள்.

உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர்கள் நடுவில் நான் உங்களைப் பார்த்துக் கத்தினேன்.

“பஸ் ஓட்டுறவருக்கு ரேடியேட்டர்ல தண்ணி பாக்கத் தெரியாதா? எங்க அக்கா ஆத்தா மொகத்தப் பாக்காமப் போனதுக்கு நீங்கதான் காரணம்.”

நீங்கள் சத்தம் போடவில்லை. “தண்ணி ஊத்துனேன் மாப்ள. மூணு எடத்துல ஊத்துனேன்” என்றீர்கள். அவ்வளவுதான்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கத்தி முடித்த பிறகு அந்த மாவு நினைவுக்கு வந்தது என்றால்கூட மன்னிப்புக்குக் கொஞ்சம் இடம் இருக்கும். கொதித்தது என்று நீங்கள் சொன்ன உடனேயே நினைவு வந்துவிட்டது. அதனால்தான் கத்தினேன். வேறு யாரும் யோசிப்பதற்கு முன் பழியை உங்கள் மேல் போட்டுவிட வேண்டும் என்றிருந்தது.

நான் சொன்னதே ஊரில் நிலைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றாத டிரைவர் என்று உங்கள் ஊரிலும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள்கூட, தண்ணீர் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு ஏறினார்களாம். அது உங்கள் தொழில், மச்சான். அதில் கை வைத்துவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள், மாடுகள் இழுத்துக் கொண்டுவந்து போட்ட காருக்குப் பக்கத்தில் நான் தனியாக நின்றபோது நீங்கள் வந்தீர்கள்.

“மேலயும் கீழயும் தொட்டுப் பாத்தா வெளங்கிரும் மாப்ள. மேல கொதிச்சு, கீழ ஜில்லுன்னு இருந்தா நடுவுல எதுவோ அடச்சிருக்குன்னு அர்த்தம். கீழ்க்குழாயக் கழட்டுவோமா? நம்ம ரெண்டு பேரு மட்டும் பாத்துக்குவோம்.”

வேண்டாம், ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். யாரையும் வரச் சொல்லவில்லை. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள். அதன்பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

நம்ம ரெண்டு பேர் மட்டும் என்று ஏன் சொன்னீர்கள்? கொதித்த ஆவியில் கேப்பை வாசம் அடித்திருக்குமே. அது உங்கள் மூக்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

போன மாதம் ஒருவர், கொட்டகையில் போட்டு எப்போதாவது கிளப்பி மட்டும் வைத்திருந்த காரை விலைக்குக் கேட்டு வந்தார். இஞ்சின் சூடாகுமா என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை மண்டிக்குப் போகாமல் கொட்டகைக்குப் போய் இஞ்சின் மூடியைத் திறந்தேன். விசிறி வார் சரியாக இருந்தது. தண்ணீர் நிறைய ஊற்றினேன். எங்கும் ஒழுகவில்லை. இருந்த கொஞ்சம் பெட்ரோலைவிட்டு இஞ்சினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே ஆவி பறந்தது. ரேடியேட்டரின் மேல்பக்கம் கை வைக்க முடியவில்லை. கீழே தொட்டேன். மண்பானைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது.

அணைத்து, ஆறும்வரை காத்திருந்து, கீழ்க்குழாயைக் கழற்றினேன். கொட்ட வேண்டிய தண்ணீர் நூல்போல வடிந்தது. கம்பியை விட்டுக் குத்தினேன். பழுப்பாகக் கட்டி கட்டியாக வந்து விழுந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். அடியில் பிடித்த கூழ் காய்ந்துபோனால் எப்படி இருக்குமோ அப்படி. கால் மணி நேர வேலை, மச்சான். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் ஆறு வருஷமாக நான் தள்ளிப்போட்டேன். கையெல்லாம் அழுக்கோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே பஸ் ஏறி அக்காளிடம் போனேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவளை வரப்புக்குக் கூப்பிட்டு, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் திட்டவில்லை. மடியில் இருந்த பருத்தியைக் கொட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“அவரு கண்ண மூடுற வரைக்கும் ‘ஒங்க மேல தப்பில்ல’ன்னு நான் அவருகிட்ட ஒரு நாளுகூடச் சொல்லலயே தம்பி.”

நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

“எங்கிட்டச் சொல்லிட்டா ஆச்சா? அன்னைக்கு எம்புட்டுப் பேரு கேட்டாங்க? அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லு. அதுக்கப்புறம் என் வீட்ல கை நனை.”

பிறகு எழுந்து பருத்திக்குள் போய்விட்டாள். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

உங்கள் முதல் வருஷத் திதிக்கு அவர்கள் எல்லோரும் வருகிறார்கள். சொல்ல ஆரம்பித்தால் நா குழறும், பாதியை விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத்தில் வைத்துக்கொண்டேன். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, உங்கள் ஊர்க்காரர்களும் என் சொந்தங்களும் கேட்க, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசிப்பேன். திதி வீட்டில் எதற்கு இதெல்லாம், போதும், உட்காருப்பா என்று பெரியவர்கள் கையமர்த்துவார்கள். கடைசி வரி வாசித்து முடியும்வரை உட்கார மாட்டேன், மச்சான்.

இப்படிக்கு,
மாப்ள என்று நீங்கள் கூப்பிட்டதற்குத் தகுதியில்லாமல் போன,
உங்கள் மனைவியின் தம்பி
சீனிச்சாமி