ஒரே தையலில் இரண்டு பேப்பர்

மார்ச் 3
படிப்பகத்தில் இன்றும் சண்டை. அந்நிய நாட்டுப் போருக்கு நம் படையை அனுப்பியது சரி என்பவர்கள் ஜன்னலோர மேஜை. தவறு என்பவர்கள் மின்விசிறிக்கு அடியில். நடுவில் நான், காலையில் பேப்பர்களை ஓரத்தில் ஊசிநூலால் தைத்து வைக்கிறவள். தைக்காவிட்டால் தாள் தாளாக உருவிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜன்னலோரத்தில் அப்பாவும் உண்டு. அண்ணன் அந்தப் போரில் சிப்பாய்.

மார்ச் 4
போரை எதிர்க்கும் பேப்பரைப் படிப்பகச் செயலாளர் நிறுத்திவிட்டார். படிக்கிறவர்கள் மனசு கெடுகிறதாம். அடுத்தது புத்தக அலமாரிக்குப் பூட்டா? கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 5
நானே அந்தப் பேப்பரை வாங்கி, உள்தாள்களை ஜன்னல்காரர்களின் பேப்பருக்குள் செருகி ஒன்றாகத் தைத்துவிட்டேன். முகப்பு அவர்களுடையது, வயிறு மற்றவர்களுடையது. ஏமாற்றா? ஒவ்வொரு தாளின் தலையிலும் பேப்பரின் பெயர் இருக்கிறது. படிக்க வந்தவர்கள் படிக்கட்டும்.

மார்ச் 9
மின்விசிறிக்காரர்களை அடக்க செயலாளர் எழுந்து, ஜன்னல்காரர்களின் பேப்பரை விரித்து உரக்கப் படித்தார்: “நம் வீரர்களின் தைரியத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.” ஜன்னலோரத்தில் கைதட்டல். அந்த வேகத்தில் அடுத்த வரியும் வந்துவிட்டது: “அனுப்பியவர்களின் நோக்கத்தில்தான் சந்தேகம்.” அறை முழுக்கச் சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: “இந்தச் சண்டையே தப்புன்னா, அவன் எதுக்குப் போனான்னு நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?”

“அவன் திரும்பி வரணும்னுதாம்பா நானும் சொல்றேன்.”

உள்ளே போய்விட்டார். என் குரல் ஏன் உடைந்தது? நான் சொன்னது சரிதானே. சரிதான்.

மார்ச் 10
செயலாளர்: “எல்லார் முன்னாடியும் ஒரு சாரி சொல்லிடும்மா. விட்டுடலாம்.”

“வேணும்னா தையலைப் பிரிச்சுத் தரேன் சார். சாரி வராது.”

வேலை போயிற்று.

மார்ச் 11
வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்கிறாள் அம்மா. நான் எங்கே வாயைத் திறந்தேன்? ஊசிதானே பேசியது.

மார்ச் 13
அப்பா நான் வருமுன் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்.

மார்ச் 17
அண்ணனிடமிருந்து போன் இல்லை. அங்கே சண்டை வலுத்திருக்கிறதாம்.

மார்ச் 18
அப்பா கடையிலிருந்து அவர் பேப்பர், என் பேப்பர் இரண்டோடும் வந்தார். அம்மாவின் ஊசிப்பெட்டியை என் முன்னால் வைத்தார்.

“உன் கட்சிக்கு நான் வரல. ஆனா அடிபட்டவங்க பேர் உன் பேப்பர்லதான் போடறான். தச்சுக் குடு.”

இருவரும் முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்தோம். அண்ணன் பெயர் இல்லை. அதன் பிறகுதான் தைத்தேன். இந்த முறை என் பேப்பரின் முகப்பு மேலே. அப்பா பார்த்தார். மாற்றச் சொல்லவில்லை.