ரோஷெலின் மாற்றல் மனு

மார்ச் 8, திங்கள்

மழை. இரத்த அழுத்த மாத்திரை மறக்கவில்லை. வேறு விசேஷம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் பேத்தி ரோஷெல், சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "தாத்தா, அடுத்த வருஷம் நான் தெற்குப் பள்ளிக்கு மாறிடப்போறேன்" என்றாள். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

தெற்குப் பள்ளிக்கா? நம் கறுப்புப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளிக்கா? அங்கேயே அடைந்து கிடக்கக் கூடாது என்றுதானே நாங்கள் நீதிமன்றப் படி ஏறினோம்? வடக்குப் பள்ளியில் கறுப்பு, வெள்ளை இரு தரப்புப் பிள்ளைகளும் பாதிக்குப் பாதி இருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அப்படி இருப்பது அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டா?

மார்ச் 9, செவ்வாய்

காரணம் கேட்டேன். மேளமாம். பள்ளி வாத்தியக் குழுவில் அவள் மேளம் அடிக்கிறாள்.

"வடக்குல நின்ன இடத்துலயே வாசிக்கிறோம் தாத்தா. தெற்குல ஆடிக்கிட்டே வாசிக்கிறாங்க, தரையே அதிருது!"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"மேளம் மட்டுமில்ல. பள்ளிக்கூடம்தான் பாதிப் பாதி. கெட்டிக்காரப் பிள்ளைங்க வகுப்புன்னு பிரிச்சு வெச்சிருக்காங்களே, அதுல கறுப்புப் பிள்ளை நான் ஒருத்திதான். யாரும் அடிக்கல, திட்டல. அடிமைகளைப் பத்திப் பாடம் வந்தா மட்டும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும்."

 

மார்ச் 15, திங்கள்

மகள் வெர்னீஸ் மனு கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சங்கடம் என்னவென்றால், அந்த மனுக்களை விசாரிக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். நீதிமன்ற ஆணைப்படி மூன்று கறுப்பர், மூன்று வெள்ளையர். தன் இனத்தார் அதிகமுள்ள பள்ளியிலிருந்து குறைவாக உள்ள பள்ளிக்கு ஒரு பிள்ளை மாறலாம். எதிர்த்திசையில் மாற முடியாது. வேண்டுமானால் விலக்கு கேட்கலாம். இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

வெர்னீஸ் சொன்னாள்: "நீங்க ஓட்டுப் போட வேண்டாம்பா. வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும். அது உங்களுக்கு நல்லா வருமே."

வரும்தான்.

ஏப்ரல் 13, செவ்வாய்

இன்று ரோஷெலின் மனு விசாரணைக்கு வந்தது. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சொந்தக்காரர் மனு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். ஒரு கறுப்பர் வெளியேறினால் சமநிலைக்காக ஒரு வெள்ளையரும் கூடவே வெளியேறுவார். எங்கள் வழக்கம் அது. கதவு மூடியிருக்கும்வரை வெளியே இருப்பவர்கள் உள்ளே தலைகாட்டக் கூடாது. இந்த வாசகத்தை வாத்தியாராக இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

இன்று என்னோடு வெளியே வந்த வெள்ளையர் டட்டில், உழவு இயந்திரம் விற்பவர். நடைபாதை மேசையில் யாரோ வைத்திருந்த கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு என் தோளில் தட்டினார்.

"கவலைப்படாதீங்க வாத்தியாரே. எங்க ஆளுங்க ரெண்டு பேரும் உங்க பேத்திக்குத்தான் கை தூக்குவாங்க."

நன்றி சொன்னேன். ஆம், நன்றி சொன்னேன்!

"நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும். மேளத்துக்காக ஒரு பொண்ணை விட்டாச்சுன்னா, மீன்பிடி கிளப்புக்காக எங்க பசங்களை விட முடியாதுன்னு எப்படிச் சொல்வீங்க? வடக்குல இருக்கிற எங்க குடும்பங்க எல்லாம் ஏரிக்கரைப் பள்ளிக்கு மனு எழுதி ரெடியா வெச்சிருக்கு. வக்கீலும் ரெடி. பிள்ளைங்க ஆசைப்பட்ட இடத்துல படிக்கட்டுமே! என்ன தப்பு?"

ஏரிக்கரைப் பள்ளியில் ஒரு கறுப்புப் பிள்ளைகூட இல்லை. வடக்கும் இன்னொரு தெற்காகிவிடும். அவர் இதைத் துளிக் கோபமில்லாமல், மீசையில் ஒட்டிய கேக் துகளோடு சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கதவைத் திறந்தேன். நானா? நானேதான்.

டட்டில் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு, "இந்த மனுவைத் தள்ளுபடி பண்ணிடுங்க" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

தலைமையில் இருந்த நம்மவர், போதகர் ஓடம், எழுந்தே விட்டார். "பிரதர்! அது உங்க சொந்தப் பேத்தி!"

பின்னாலிருந்து டட்டில்: "விதியை எழுதினவரே விதியை மீறலாமா வாத்தியாரே?"

வெள்ளையர் இருவரும் கை தூக்கினார்கள். நம்மவர் இருவரும் தூக்கவில்லை. சரிசமம் என்றால் மறுப்பு. ரோஷெல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தெரியாத கிழவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 14, புதன்

வெர்னீஸ்: "ஊர்ப் பிள்ளைங்களுக்காக எம்பொண்ணைப் பலி குடுத்துட்டீங்கல்ல?"

இல்லை என்று இங்கே எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். இல்லையா என்ன?

ஏப்ரல் 18, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் பலர் கை குலுக்கினார்கள். யாரும் கண்ணைப் பார்க்கவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

ஜூலை 24, சனி

வெர்னீஸ் தெற்குப் பள்ளியின் எல்லைக்குள் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள். அங்கே குடியிருந்தால் பிள்ளைக்கு அந்தப் பள்ளிதான், மனுவே தேவையில்லை. எங்கள் விதியில் இதைத் தடுக்க ஒரு சொல்லும் கிடையாது. இருக்கவும் கூடாது. ஆனாலும் சாமான் வண்டி வாசலில் வந்து நிற்கும்வரை எனக்கு இது தோன்றவே இல்லையே. எப்படி?

மேளத்தை வண்டியில் ஏற்றக் கை கொடுக்கப் போனேன். "வேணாம். நானே தூக்கிப்பேன்" என்றாள் ரோஷெல். தாத்தா என்று சேர்க்கவில்லை.

ஜூலை 25, ஞாயிறு

சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 16, திங்கள்

வடக்குப் பள்ளி திறந்தது. எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். இரு தரப்புப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 1, வெள்ளி

வடக்குப் பள்ளி மைதானத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் கால்பந்தாட்டம். போகலாமா வேண்டாமா என்று சட்டையை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் போனேன்.

வாசலில் சீட்டுக் கிழிப்பவன் கேட்டான்: "எந்தப் பக்கம் சார்? நம்ம பக்கமா, வந்தவங்க பக்கமா?"

வந்தவர்கள் பக்கம் என்றேன்.

இடைவேளையில் தெற்குப் பள்ளி வாத்தியக்காரர்கள் இறங்கினார்கள். முழங்காலை நெஞ்சுவரை தூக்கி ஆடியபடியே அடித்தார்கள். நான் உட்கார்ந்திருந்த பலகையே அதிர்ந்தது. இரண்டாம் வரிசையில் ரோஷெல். அவள் பல் தெரியச் சிரித்து எத்தனை காலமாயிற்று! வடக்குப் பள்ளியில் சேர்ந்த பிறகு நான் பார்த்ததில்லை. அதைக் கவனிக்கவும் இல்லையே நான்.

நான்கு படி கீழே வெர்னீஸ் இருந்தாள். இறங்கிப் போய் அவள் வரிசை ஓரத்தில் நின்றேன்.  அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தேன்.